நான் எழுதிய பக்க விளைவுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கான தகடு, ரப்பர் பாகங்கள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில் நான் நர்ஸாக இருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. டைம் ஆபீசுக்கும் சைக்கிள் ஷெட்டுக்கும் நடுவே ஒடுக்கமாக ஓர் அறை. கதவில் ‘மருத்துவ அறை’ என்று பச்சை பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே ஒரு கட்டில், ஒரு கண்ணாடி பீரோ, எப்போதும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும் எடை மெஷின், நான். கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எடுப்பேன், கிழிந்த விரலுக்குக் கட்டுப் போடுவேன். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலிக்காரர்கள் வருவார்கள். அந்த வயிற்றுவலி எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் இருந்தது.

ஒரு வருடம் ஐப்பசி மழையோடு ஃப்ளூ காய்ச்சல் வந்து எங்கள் கம்பெனியையே படுக்க வைத்துவிட்டது. முதலில் பேக்கிங் பெண்கள் இருமினார்கள். அடுத்த வாரம் அசெம்பிளி லைன் காலி. அதற்கடுத்த வாரம், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பாதி மிஷின்கள் சும்மா நின்றன. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு துறைமுகத்துக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கோடையில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர், “எங்கள் ஊரில் குளிர் ஆரம்பிக்கும் முன்பே எல்லோருக்கும் ஊசி போட்டுவிடுவோமே” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் முதலாளிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மழைக்கு முன்னால் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி, செலவு கம்பெனியுடையது, விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் அப்படியொரு ஊசியைக் கேள்விப்பட்டதில்லை. போலியோ சொட்டு மருந்து தெரியும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று தெரியும். ஜலதோஷத்துக்கு ஊசி என்றால்? நானே அதுவரை ஒருவருக்கும் போட்டதில்லை. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பூந்தமல்லியிலிருந்து பழைய ஸ்கூட்டரில் எங்கள் டாக்டர் வருவார். அவர்தான் மருந்து கம்பெனி முன்கூட்டியே அனுப்பியிருந்த துண்டுத்தாளை என் கையில் கொடுத்து, “இதைத் தமிழ்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க சிஸ்டர். பக்க விளைவு உட்பட” என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த, தொழிலாளர் விஷயங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. “எதுக்கு சார் அதெல்லாம்? பயந்துடுவாங்க. ஊசி நல்லது, வாங்கன்னு மட்டும் எழுதினா போதாதா?”

“சொல்லாம குத்தினா, நாளைக்குக் கை வலிக்கும்போது நம்மளத் திருடன்னு சொல்லுவான்,” என்றார் டாக்டர். “சொல்லிட்டுக் குத்தினா, ‘டாக்டர் சொன்ன மாதிரியே வலிக்குதே’ம்பான். எது வேணும் உங்களுக்கு?”

எழுதினேன். ஸ்கெட்ச் பேனாவில், வெள்ளைச் சார்ட்டில், அழகான கையெழுத்தில். ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, லேசான வீக்கம் வரலாம். லேசான காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, அசதி ஓரிரு நாள் இருக்கலாம். மிக அரிதாக உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் வரலாம், அப்படி வந்தால் உடனே சொல்லவேண்டும். ஏற்கனவே காய்ச்சல் உள்ளவர்களும், முட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவும். இதோடு நிறுத்தியிருக்கலாம். சார்ட்டில் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. காலியாக விட மனமில்லாமல், “மேற்கண்ட தொந்தரவு உள்ளவர்களுக்கு ஓய்வு அளிக்கப்படும்” என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

மத்தியானத்துக்குள் போர்டைச் சுற்றிக் கூட்டம். பிரஸ் ஷாப்பில் பெரிய பிரஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது, ஆறடி உயரம், மூன்று பேருக்குக் கேட்கவேண்டியதை முப்பது பேருக்குக் கேட்கும்படி பேசுவார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. அவர்தான் மற்றவர்களுக்காகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இன்னா சிஸ்டரு, பக்க வெளைவுன்னு போட்டுகீறியே, எந்தப் பக்கம்? லெப்ட் கையில குத்திக்கினா லெப்ட் பக்கமா?”

“அண்ணே, அது சைடு எஃபெக்ட்.”

“அதான் கேக்கறேன், எந்த சைடு?”

கூட்டம் சிரித்தது. அசெம்பிளி பையன் ஒருவன், “ப்ளூ ஊசின்னு சொல்றாங்களே சிஸ்டர், மருந்து நீலமா இருக்குமா?” என்று நிஜமாகவே கேட்டான். இன்னொருவர் முட்டை விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி ஆகாது என்று அவர் புரிந்துகொண்டதை நான் திருத்துவதற்குள் அது கேன்டீன் வரை போய்விட்டது. அந்த வாரம் முழுக்க ஆம்லெட்டை யாரும் தொடவில்லை என்று கேன்டீன்காரர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். ஸ்டோர்ஸில் இருந்த சுத்த சைவக்காரர் ஒருவர் தனியாக வந்து, “மருந்தை முட்டையில வெச்சு வளர்க்கறாங்களாமே, நிஜமா?” என்று மெதுவாகக் கேட்டார். நிஜம்தான் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

ஆனால் மற்றவர்களும் தயங்கினார்கள். பேர் கொடுக்க வைத்த நோட்டில் நாலே நாலு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று டாக்டருடையது. பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்த பார்வையில் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் அண்ணாத்தே உதவிக்கு வந்தார். நான் கேட்கவில்லை. டீ நேரத்தில் அவராகவே பெஞ்சுமேல் ஏறி நின்று பேசினாராம். “போன மழைல எனக்கு ஜல்பு புட்ச்சு, பத்து நாளு இருமி இருமி விலா எலும்பே பூட்ச்சு. அதுக்கு ஒரு நாளு கை வலிச்சா இன்னா இப்போ? நான் மொதல்ல குத்திக்கறேன். நான் நின்னா நீங்களும் நில்லுங்க. விழுந்தா ஓடிப் பூடுங்க.” சாயங்காலத்துக்குள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

ஊசி போடுவதற்கு வியாழக்கிழமையை டாக்டர் தேர்ந்தெடுத்தார். ஏதாவது ஆனால் வெள்ளிக்கிழமை எப்படியும் அவர் வருவார். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நடுவே மருந்து வந்து இறங்கியது. சின்னச் சின்ன ஊசிக்குழல்களில் ஏற்கனவே நிரப்பியே வந்திருந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துப் பழகிய எனக்கு அதுவே ஒரு அதிசயம். மேஜைமேல் ஒரு தட்டில் அவசர மருந்துகளை எடுத்துவைத்து, அதைத் துணியால் மூடிவைத்தேன். அந்தத் தட்டை அன்று திறக்கவேண்டி வரவில்லை.

அண்ணாத்தே சொன்னபடி முதலில் வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். குத்தியபோது கண் சிமிட்டக்கூட இல்லை. “அவ்ளோதானா? இதுக்காடா இத்தினி பில்டப்பு?” என்று வெளியே நின்ற வரிசையைப் பார்த்துக் கத்தினார். ஊசி போட்டவர்கள் அரைமணி நேரம் கேன்டீன் பெஞ்சில் உட்காரவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. சம்பளத்தோடு அரைமணி நேரம் உட்காரலாம் என்றதும் வரிசை இன்னும் நீண்டது. பெஞ்சில் ஒருவன் மட்டும் தலைசுற்றிச் சாய்ந்தான். விசாரித்தால், ஊசிக்குப் பயந்து காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். இரண்டு வடை கொடுத்ததும் எழுந்துவிட்டான். கடைசியில் டாக்டருக்கு நான் போட்டேன், எனக்கு டாக்டர் போட்டார்.

சாயங்காலம் அயனம்பாக்கம் போகும் பஸ்ஸில் நின்றபடி இடது கையால் மேல்கம்பியைப் பிடிக்கப்போனேன். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வீட்டில் என் கணவர் நான் ஒற்றைக் கையால் சப்பாத்தி தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, “ஊரையே குத்திட்டு வந்தவளுக்கு ஒரு குத்து தாங்கலையா?” என்று சொல்லிக்கொண்டே உருட்டுக்கட்டையை வாங்கிக்கொண்டார். அன்றைய சப்பாத்திகள் ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம் என்று வரைபடம் போல இருந்தன.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் போனபோது மருத்துவ அறை வாசலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

முதல் ஆளைக் கேட்டேன். “என்ன செய்யுது?”

“ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, லேசான வீக்கம், லேசான காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, அசதி,” என்றான் அவன், மூச்சு விடாமல்.

என் வாக்கியம். என் வரிசை. கமா வரை என்னுடையது. இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மூன்றாவது ஆள் நடுவில் தலைவலியை மறந்துவிட்டான். பின்னால் நின்றவன் எடுத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் என் சிவப்பு மை வாக்கியம் மனப்பாடம். ஓய்வு அளிக்கப்படும் என்றால் அளிக்கப்படவேண்டுமல்லவா?

பர்சனல் ஆபீசர் வந்து பார்த்தார். அவர் முகம் சிவப்பு மை நிறத்துக்கு மாறியது. “சிஸ்டர், இப்ப லைனை யார் ஓட்டறது? நீங்களா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டர் வரிசையைப் பார்த்து, நோட்டீஸ் போர்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சிரிக்க ஆரம்பித்தார்.

“இதுல பாதி பேருக்குக் கை நிஜமாவே வலிக்கும் சிஸ்டர். அதைப் பொய்னு சொல்லாதீங்க. ஜுரத்தை மட்டும் பார்ப்போம்” என்றார். தெர்மாமீட்டரோடு நான் ஆரம்பித்தேன். கையில் தொட்டாலே துள்ளியவர்கள் சிலர் இருந்தார்கள், அது நிஜ வலி. ஈரத்துணி ஒற்றடம் சொல்லி, வேண்டியவர்களுக்கு மாத்திரை கொடுத்து, கையை அசைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் சரியாகும் என்று அனுப்பினேன். லேசாகச் சூடு இருந்தவர்கள் மூன்று பேர். அவர்களைக் கட்டிலிலும் பெஞ்சிலும் உட்கார வைத்தேன். ஒருவன் மட்டும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். வாங்கிப் பார்த்தால் பாதரசம் உச்சிக்கே போயிருந்தது. ஜன்னல் விளிம்பில் அவனுடைய டீ கிளாஸ் ஆவி பறக்க இருந்தது.

“தம்பி, இந்த ஜுரம் இருந்தா நீ இப்ப இங்க நிக்க மாட்டே,” என்றார் டாக்டர். “மேல போயிருப்பே. டீயைக் குடிச்சிட்டு லைனுக்குப் போ.”

இந்தக் கூத்தில் ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அண்ணாத்தே வரிசையில் இல்லை. அவர் இருந்தால் அந்த இடமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஒருவேளை லீவோ என்று நினைத்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பி வருகிற ஆட்களின் பட்டியலைச் சூப்பர்வைசரிடம் கொடுக்கப் பிரஸ் ஷாப்புக்குப் போனேன்.

அவர் மிஷினில்தான் நின்றிருந்தார். அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு அச்சு கீழே இறங்கும். விரல்கள் உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவர் வலது கையால் ஒரு பட்டனையும், இடது முழங்கையைத் தூக்கிவைத்து இன்னொன்றையும் அழுத்திக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. வேலை நேரத்தில் அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் முன்கையைத் தொட்டேன். சுட்டது.

“அண்ணே, கொதிக்குது உங்களுக்கு.”

“மிஷினாண்ட நின்னுகினு கீறேன், சூடா இல்லாம ஐஸ் கட்டியாவா இருக்கும்? நீ போ சிஸ்டரு.”

“மிஷினை நிறுத்துங்க.”

“சும்மா இரு. அங்க முப்பது பேரு உன்னாண்ட டிராமா காட்டிக்கினு கீறான், தெரியும். நான் வேற வந்தேன்னு வெச்சுக்கோ, கதை கந்தல். நான்தானே எல்லாரையும் இட்டாந்து நிக்க வெச்சேன்? எனக்கே ஜொரம்னா ‘பாத்தியா, அண்ணாத்தேயே சாஞ்சுட்டாரு’ம்பானுங்க. மீதி கீறவன் ஒருத்தனும் வரமாட்டான். உனக்குத்தான் கெட்ட பேரு.”

அந்த முப்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வராத காய்ச்சலை வந்ததாகச் சொன்னதில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் வந்த காய்ச்சலை எனக்காக மறைத்துக்கொண்டு, விரல்களை நசுக்கக்கூடிய மிஷின் முன்னால் நின்றிருக்கிறார். அதட்டினேன்.

“ஜுரம் வரலாம்னு நானேதான அண்ணே போர்டுல எழுதி ஒட்டியிருக்கேன்? வந்தா எனக்கு எப்படிக் கெட்ட பேரு? எழுதினது நிஜம்னு ஆகும். உங்க விரல் போச்சுன்னாதான் எனக்குக் கெட்ட பேரு. நகருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்தி மிஷினை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் பின்னால் நடந்து வந்தார். தெர்மாமீட்டரில் நூற்றியிரண்டு. டாக்டர் அதை உயர்த்திப் பிடித்து, வெளியே மிச்சமிருந்த ஆட்களிடம், “ஜுரம்னா இதுதான். இதோட வேலைக்கு நின்னுட்டிருந்திருக்காரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு கலைந்தார்கள். பத்து நிமிஷத்தில் வாசல் காலி. கம்பெனி வேனிலேயே அண்ணாத்தேயைச் சென்னீர்குப்பத்துக்கு அனுப்பினோம். சைக்கிளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததால் சைக்கிளும் வேனில் ஏறியது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். வானகரத்தில் பஸ் மாறி, பெங்களூர் ரோட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனால் தெருவில் நுழையும்போதே வழி காட்டிவிட்டார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி. மெலிந்த, சிறிய பெண்மணி. குரல் மட்டும் கணவருக்குக் குறைந்ததில்லை.

“நீதானா அந்த சிஸ்டரு? வா, வா. நல்லா இருந்த மனுசனுக்கு ஜொரத்த குத்தி அனுப்புச்சியே, எந்த ஊரு நாயம் இது? ஜொரம் வராம இருக்க ஜொரத்தையே ஊசில ஏத்துவாங்களா?”

“இல்லக்கா, அதுல இருக்கிறது உயிரில்லாத கிருமி. நோய் வராது. நிஜக் கிருமி வந்தா எப்படி அடிக்கணும்னு உடம்பு ஒத்திகை பார்க்குது. அந்த ஒத்திகையில சில பேருக்கு ஒரு நாள் சூடு வரும். போயிடும்.”

அவர் இடுப்பில் கைவைத்து யோசித்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: “இன்னாய்யா, செத்த கிருமிக்கேவா நீ இப்படி சுருண்டுகினே?”

உள்ளேயிருந்து அந்தப் பழைய சிரிப்பு வந்தது. எட்டிப் பார்த்தால், மனிதர் தரையில் சம்மணமிட்டு ரசம் சாதத்தைக் கரண்டி கரண்டியாகப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கையைத் தூக்கச் சொன்னேன், மின்விசிறி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்த அம்மாளின் கையில் கரண்டி இருந்தது.

திங்கட்கிழமை அவர் டீ நேரத்தில் பெஞ்சுமேல் ஏறவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாராம். “ஜொரம் வந்துச்சு. ஒரு நாளு அடிச்சுது. பூட்ச்சு. அவ்ளோதான் மேட்டரு. போன மழைல பத்து நாளு படுத்தேனே, அத்தோட பாத்தா இது ஜுஜுபி.” காய்ச்சலே வராது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்களோ என்னவோ, வந்து போனதைக் கேட்டுவிட்டு மிச்சமிருந்தவர்களில் ஒரு டஜன் பேர் வந்து கையை நீட்டினார்கள்.

அந்த வருடமும் மழையோடு காய்ச்சல் வந்தது. ஊசி போட்டவர்களிலும் இரண்டு மூன்று பேருக்கு வந்தது, ஆனால் லைன் நிற்கவில்லை. எனக்கு மார்கழியில் மூக்கு ஒழுகியது. வெறும் ஜலதோஷம், ஃப்ளூ இல்லை, அதற்கு இந்த ஊசி பாதுகாப்பும் இல்லை. யார் கேட்டார்கள்? “இன்னா சிஸ்டரு, உனுக்குப் போட்டது டூப்ளிகேட்டா?” என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். டாக்டரும் விசாரித்தார்.

அடுத்த வருடம் ஆர்டர் குறைவு என்று நிர்வாகம் ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆவணியில் தொழிற்சங்கம் கொடுத்த கோரிக்கைத் தாளில், மழைக்கோட்டுக்கும் கேன்டீன் மின்விசிறிக்கும் நடுவே ‘சளிக்காய்ச்சல் ஊசி’ என்று ஒரு வரி இருந்தது. பர்சனல் ஆபீசர் அதை என்னிடம் காட்டி, “நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். மின்விசிறி வரவில்லை, ஊசி வந்தது.

அப்போது நான் பிரசவ லீவில் இருந்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம், சர்ச்சிலிருந்து வந்து குழந்தையைத் தூங்கவைத்திருந்த நேரம், அண்ணாத்தேயும் அவர் மனைவியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். அவர் அந்த வருட ஊசியைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குப் பதிலாக வந்த நர்ஸின் கை கடப்பாரை மாதிரி இருந்ததாம். ஆனால் இந்த முறை காய்ச்சல் இல்லை, கைவலி மட்டும்தானாம்.

“அதெல்லாம் வுடுய்யா,” என்று அந்த அம்மாள் குறுக்கிட்டார். குழந்தையை எழுப்பாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு அது முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. “கம்பெனில உங்களுக்கு மட்டும்தானே போடறாங்க? நான் பூந்தமல்லில உங்க டாக்டராண்டயே போய் குத்திக்கினேன் சிஸ்டரு. போன வாரம்.”

“அப்படியா அக்கா? ஏதாச்சும் பண்ணுச்சா?”

“ஒண்ணுமே ஆவல. ஜொரம் இல்ல, தலைவலி இல்ல, கை கூட வலிக்கல. அன்னிக்கே ரெண்டு பக்கெட்டு துணி தொவச்சேன்,” என்று சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, ஆறடி மனிதரை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.